நல்ல முறை அடுத்த வயலுக்கு ஏன் செல்வதில்லை?
கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு விஷயத்தை இப்பாடத்தில் ஆராய எடுத்துக்கொண்டோம். ஒரே சங்கத்தில் பங்கு எடுத்து, ஒரே காரியாலயத்தில் கடன் பெற்று, ஒரே கிட்டங்கியில் உரம் வாங்குகிறவர்களுள் ஒருவர், தம் நிலத்தில் ஒரு நல்ல முறையைக் கைக்கொண்டு பல ஆண்டுகளாக மிகுந்த பலன் அடைந்து வருகிறார். வேலிக்கு அப்பால் உள்ளவரோ பழைய முறையையே பற்றி நிற்கிறார். அவர் அம்முறையை அறியாதவர் அல்லர். நாள்தோறும் அவ்வரப்பின் மீதே நடந்து செல்கிறவர். இருந்தும் அம்முறை வேலியைத் தாண்டுவதில்லை. இதன் காரணம் யாது?

மதுரையிலிருந்து இராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது புளியங்குடி. பழைய திருநெல்வேலி ஜில்லாவின் சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்துள் அடங்கியது. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைந்திருத்தலால் எலுமிச்சை நகரம் என்றே இதனை அழைக்கின்றனர். இங்குள்ள சந்தையிலிருந்து காய்கள் மலையாள நாட்டுக்கும் பிற இடங்களுக்கும் மூட்டை மூட்டையாகச் செல்கின்றன. எலுமிச்சை வைத்திருப்பவர் எவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு: மழைக்காலத்தில் காய் குவிந்து விலை சரியும், கோடையில் காய் அருகி விலை ஏறும். ஆகவே கோடையில் காய்ப்பு வருமாறு மரத்தைப் பழக்கத் தெரிந்தவருக்கு லாபம். தெரியாதவருக்குக் காய் பறிக்கும் கூலி கூடத் தேறாத நாட்களும் உண்டு. இவ்விருவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்களாயிருந்தும் ஒருவர் அறிவு மற்றவருக்குப் பயன்படவில்லையெனில், அச்சங்கம் பணத்தை மட்டுமே கூட்டாக்கியிருக்கிறது, அறிவைக் கூட்டாக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் கேட்டால் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. தெரிந்தவர் பொறாமையால் மறைக்கிறார் என்பது ஒன்று. தெரியாதவர் சோம்பலால் கற்றுக்கொள்வதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சிற்சில இடங்களில் உண்மையாயிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் இவை காரணங்கள் அல்ல, வசைகளே. இதனை முறைப்படி ஆராய்ந்தவர் கேப்ரியல் ஜுலான்ஸ்கி என்னும் அறிஞர். பெரிய கம்பெனிகளில் ஒரு கிளையில் நன்கு நடைபெறும் முறை அதே கம்பெனியின் மற்றொரு கிளைக்கு ஏன் எளிதிற் செல்வதில்லை என்பதை அறிய, எட்டுக் கம்பெனிகளில் நிகழ்ந்த 122 முயற்சிகளை அவர் ஆராய்ந்து 1996-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மனமின்மையே முதற்காரணம் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்ததற்கு மாறாக, மூன்று தடைகளே முதன்மையானவை என்று கண்டார். அவையாவன: அம்முறை எதனாற் பலன் தருகிறது என்பது தெளிவாயில்லாமை, பெறுகிறவரிடம் அதனை ஏற்று நடத்துதற்குரிய ஆயத்தமின்மை, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே உள்ள உறவு கடினமாயிருத்தல். கம்பெனிகளைப் பற்றிய ஆராய்ச்சியேயாயினும், நமது கிராமச் சங்கங்களை வைத்துப் பார்த்தாலும் இம்மூன்றையும் கண்ணாரக் காணலாம்.

முதல் தடையை விளக்குதற்கு எலுமிச்சையே ஒரு சரித்திரத்தைத் தருகிறது.

முற்காலத்தில் நெடுந்தூரக் கடற்பிரயாணம் செய்த மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் பற்றிற்று. ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், பழைய புண் மீண்டும் திறக்கும், முடிவில் உயிர் போகும். 1601-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லங்காஸ்டர் என்பவர் நான்கு கப்பல்களுடன் இங்கிலாந்திலிருந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். தம் கப்பலில் இருந்தவர்களுக்கு மட்டும் நாள்தோறும் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். நன்னம்பிக்கை முனையை அடைந்தபோது மற்ற மூன்று கப்பல்களிலும் இருந்தோர் பாய்மரத்தைக் கையாளவும் வலியற்றுக் கிடக்க, அவர் கப்பலைச் சேர்ந்தவர்கள் சென்று அக்கப்பல்களைத் துறைசேர்க்க வேண்டியிருந்தது. ஒரே கூட்டம், ஒரே தலைவர், ஒரே கடல். ஒரு கப்பலில் மட்டும் மருந்து. இதனினும் வெளிப்படையான ருசு வேறு வேண்டுமோ? ஆயினும் இம்முறை பரவவில்லை. 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் ஸாலிஸ்பரி என்ற கப்பலில் நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவிற் குணமடைந்தனர். அதன் பின்னும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்க 1795 வரை சென்றது. லங்காஸ்டரிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்!

இத்தாமதத்துக்கு மேலதிகாரிகளின் அசட்டையை மட்டும் குறை கூறுதல் தகாது. எலுமிச்சையில் எது நோயைத் தீர்த்தது என்பதை லிண்டே அறிந்திலர். கெடாமலிருக்கும் பொருட்டுச் சாற்றைக் காய்ச்சிக் குழம்பாக்கி வைக்கலாம் என்று அவர் யோசனை கூறினார். காய்ச்சுதலால் அதன் சத்து அழிந்தது. அக்குழம்பை உண்டு பயன் காணாதவர்கள் எலுமிச்சையே பயனற்றது என்று எண்ணியதில் வியப்பில்லை.

இதைவிட வேடிக்கையானது பின்னர் நிகழ்ந்தது. கடற்படையில் முதலில் வழங்கியது மத்தியதரைக் கடல் நாடுகளில் விளையும் பெரிய மஞ்சள் எலுமிச்சையின் சாறு. 1860-க்குப் பின் அதற்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய காயை, அஃதாவது நம் நாட்டு எலுமிச்சையைப் போன்றதை, வாங்கத் தொடங்கினர். இரண்டும் புளிப்பே; புளிப்பே மருந்து என்று அக்காலத்தார் கருதியிருந்தமையால் இம்மாற்றத்தில் எவரும் பிழை காணவில்லை. 1875-இல் வட துருவத்தை நோக்கிச் சென்ற நேர்ஸ் என்பவரின் கூட்டத்தில், சாறு இருந்தும், ஸ்கர்வி மூண்டது. அச்சிறு காயின் சாற்றுக்கு நோய் தடுக்கும் ஆற்றல் மற்றதில் நாலில் ஒரு பங்கே என்று 1918-இல் லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தார் கண்டறிந்தனர். மருந்தாயிருந்தது புளிப்பன்று, வைட்டமின் ‘ஸி’ என்னும் சத்து என்பது 1932-இலேதான் உறுதியாயிற்று. (இதனைப் படித்துப் புளியங்குடி நேயர்கள் தங்கள் காயை இழிவாக எண்ண வேண்டா. புதிதாகப் பிழிந்த சாறு நற்பயன் உடையதே. நாட்பட வைத்திருந்ததும் செம்புக் குழாய்களின் வழியே செலுத்தியதும் அச்சாற்றை மேலும் கெடுத்தன.)

நம் தோட்டங்களிலும் இதுவே நிகழ்கிறது. ஒருவர் மரத்தின் தூரைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, அதற்கு வெளியே வட்டப்பாத்தி கட்டி, தூரில் நீர் படாதபடி பாய்ச்சுகிறார். காண்பவர் பாத்தி வட்டமாயிருப்பதை மட்டும் கவனித்துத் தம் தோட்டத்தில் வட்டமாகவே கட்டித் தூரிலேயே நீரைத் தேக்குகிறார். தூர் நனைந்து பட்டை அழுகிப் பிசின் வடிகிறது. வட்டத்திற் பயன் இல்லை. தூர் உலர்ந்திருப்பதிலும், நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பரந்திருக்கும் கிளைநிழலின் ஓரத்தில் நீர் சேர்வதிலும் அன்றோ பயன் இருக்கிறது! எலுமிச்சைக் கன்று நட்ட மூன்றாம் ஆண்டிலேதான் காய்க்கத் தொடங்கும். நிறையக் காய்க்க இன்னும் சில ஆண்டுகள் செல்லும். அத்தகைய மரம் ஒன்று பட்டுப்போனால், உடையவருக்கு அந்த ஆண்டின் காய் மட்டுமா நஷ்டம்?

காயவிட்டுப் பூக்கச் செய்யும் முறையும் இப்படிப்பட்டதே. அனுபவமுடையவரை, எத்தனை நாள் தண்ணீரை நிறுத்துகிறீர் என்று கேட்டால், ஏதோ ஒரு நாட்கணக்கைக் கூறுவார். அவர் பொய் கூறவில்லை. ஆயினும் அவர் உண்மையிற் பார்ப்பது நாட்காட்டியை அன்று, இலையை. இலை எவ்வளவு வாடினால் போதும், எதற்கு மேல் விட்டால் மரம் தாங்காது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும், சொல்ல வராது. செம்மண் விரைவிற் காயும். கரிசல் நெடுநாள் ஈரம் தாங்கும். செம்மண்காரர் கூறிய நாட்கணக்கைக் கரிசற்காரர் அப்படியே கைக்கொண்டால் பூவும் இல்லை, புகழும் இல்லை. தெரிந்தவர் மறைத்துவிட்டார் என்னும் பழி மட்டும் எஞ்சும். நம் ஊர்களில் மறைத்தல் என்று கூறப்படுவதிற் பெரும்பகுதி இதுதான் என்பது எமது துணிபு. வாயாற் கூற இயலாததைக் கூறவில்லை என்று குறைகூறுகிறோம்.

இனி இரண்டாவது தடையைக் கவனிப்போம். இதற்கு நெல்லை எடுத்துக்கொள்வது தகும். மடகாஸ்கர் தீவில் ஊழியம் புரிந்த ஹென்றி த லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், 1983-ஆம் ஆண்டில், மழை பொய்த்தமையால் பதினைந்தே நாளான இளநாற்றை நட நேர்ந்தது. அது எதிர்பாராத வண்ணம் மிகுதியாகத் தூர் கட்டிப் பெருகியதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்த முறையே நம் நாட்டில் ஒற்றை நாற்று நடவு என்றும், திருந்திய நெல் சாகுபடி என்றும் பெயர் பெற்றது. குத்துக்கு ஒரே இளநாற்று. நாற்புறமும் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் இடைவெளி. எந்நேரமும் நீர் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுதல். உருளும் களைக்கருவியை இருபுறமும் ஓட்டுதல் என்பன இதன் உறுப்புக்கள். ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் விதைத்து வந்த இடத்தில் மூன்று கிலோவளவு விதை போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 2003–2004-இல் நமது தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நூறு விவசாயிகளின் நிலங்களிலேயே பழைய முறையையும் இதனையும் அருகருகே நடத்திப் பார்த்ததில், ஏக்டருக்குச் சராசரி ஒன்றரை டன் அளவு மிகுதியாக விளைந்தது.

விதை குறைவு, நீர் குறைவு, விளைவு மிகுதி. அப்படியாயின் எல்லோரும் ஏன் கைக்கொள்ளவில்லை? ஏழை அங்கத்தினர் ஒருவரின் நிலையில் நின்று பாருங்கள். இளநாற்றைப் பறித்து நடுவதற்கு இரண்டொரு நாள் தவணையே உண்டு. அந்நாளில் நிலம் மட்டமாயிருக்க வேண்டும், நடவாட்கள் வரவேண்டும், கையிற் பணம் வேண்டும். சங்கத்தின் கடனோ அதற்குப் பத்து நாள் கழித்து வருகிறது. வந்தாலும், அதன் அளவு வழக்கமான சாகுபடிச் செலவைக் கொண்டு வகுக்கப்பட்டது. களைக்கருவிக்கும் நிலம் மட்டம் செய்வதற்கும் அதில் இடமிருப்பதில்லை. கிணற்றுப் பாசனம் உடையவர் காய்ச்சலும் பாய்ச்சலும் துணிந்து செய்யலாம். குளத்தின் கடைமடையில் இருப்பவர் எங்ஙனம் செய்வார்? இன்று மறுத்த தண்ணீர் மறுமுறை வருமென்று அவருக்கு உறுதி கூறுவார் யார்? வந்தபோது தேக்கிவைத்துக்கொள்வதே அவருக்கு விவேகம். அவரைப் பழமைவாதி என்று பரிகசிப்பது எளிது. மடை திறக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை என்பதை நினைப்பாரில்லை.

இம்முறை பிறந்த மடகாஸ்கரிலும், அதனைக் கைக்கொண்டவர்களுட் பலர் சில பருவங்களுக்குப் பின் கைவிட்டனர் என்று 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. காரணம் மிக எளியது. தம் வயலில் மிகுதியாக உழைக்க வேண்டிய அதே வாரங்கள், வீட்டில் அரிசி தீர்ந்து கூலிக்குப் போக வேண்டிய வாரங்களாக இருந்தன. நான்கு மாதம் கழித்து வரும் நெல்லுக்காக இன்றைய கஞ்சியை விட முடியுமோ? இத்தகைய அங்கத்தினருக்குச் செயல்முறை விளக்கம் பத்து நடத்தினாலும் பயன் இராது. கடன் பத்து நாள் முன்னதாக வந்தால் பயன் உண்டாகலாம். ஆகவே நல்ல முறை பரவவில்லை என்று குறைப்படும் பஞ்சாயத்தார் முதலில் தங்கள் கடன் பட்டுவாடாத் தேதிகளைப் புரட்டிப் பார்ப்பார்களாக.

மூன்றாவது தடை உறவைப் பற்றியது. இதைக் குறித்து எழுதுவதில் சங்கடம் இல்லாமல் இல்லை. எனினும் மறைத்தல் தகாது. சங்கத்தின் பேரேட்டில் எல்லோரும் வரிசையாக இருக்கிறோம். ஊரிலோ தெருக்கள் வேறாக, சாதிகள் வேறாக, தேர்தற் கட்சிகள் வேறாக இருக்கிறோம். ஒரு தெருவார் மற்றொரு தெருவாரின் களத்துமேட்டில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசும் வழக்கம் இல்லாத ஊரில், இலை எவ்வளவு வாடினால் போதும் என்னும் நுட்பம் எவ்வழியாகச் செல்லும்? அது பொதுக்கூட்டத்தில் மேடையேறிக் கூறத்தக்க விஷயம் அன்று. மரத்தடியில் இருவர் சேர்ந்து நின்று, இதோ இந்த இலையைப் பார், நேற்று இருந்ததற்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று காட்ட வேண்டியது. குத்தகைக்காரர் நிலச்சுவான்தாரிடம் சென்று ஐயம் கேட்க அஞ்சுவார். கேட்டாலும் ஒருமுறை கேட்பார். இரண்டாம் முறை கேட்கமாட்டார். கற்பதோ இரண்டாம் மூன்றாம் கேள்வியிலேதான் உண்டாகிறது.

சிறந்த விவசாயி என்று ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஈண்டு ஒரு வார்த்தை. இஃது அவருக்கு மரியாதைதான். ஆயினும் போர்த்தியபின் அவர் அண்டை வீட்டாருக்குச் சற்று உயரத்திற் சென்றுவிடுகிறார். அவருக்கு மானியம் கிடைத்தது, அதிகாரிகள் வந்தனர், நமக்கு அப்படியா என்று மற்றவர் ஒதுங்குகின்றனர். பலமுறை பரிசு பெற்ற தோட்டத்தைவிட, சுமாரான நிலத்தில் இவ்வாண்டுதான் முதன்முறையாக முயன்று பாதி வெற்றி பெற்றவரின் தோட்டமே அடுத்தவருக்கு நல்ல பள்ளிக்கூடம். அவர் பட்ட இடர் இன்னும் அவர் நினைவில் இருக்கும், சொல்லவும் கூசமாட்டார்.

மற்றொன்று: வேலை செய்யும் கை சங்கத்தில் இல்லை. ஒற்றை நாற்றைச் சேதமின்றிப் பறித்து நடுகிறவர்கள் பெண்கள். காயின் பருவம் பார்த்துப் பறிக்கிறவர்களும், தரம் பிரிக்கிறவர்களும் கூலியாட்கள். அவர்களிற் பெரும்பாலார் அங்கத்தினர் அல்லர். கூட்டத்துக்கு அழைக்கப்படுவதும் இல்லை. களைக்கருவி வந்த பல இடங்களில் களையெடுத்துக் கூலி பெற்று வந்த பெண்களின் வேலை ஆண்கள் கைக்குப் போயிற்று. தம் கூலியைக் குறைக்கும் ஒரு முறையை அவர்கள் ஆர்வத்துடன் பரப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்? ஒரு நடவுக் கூட்டத்தார் ஆண்டில் பல வயல்களில் இறங்குகின்றனர். எந்த முறை எந்த மண்ணில் எப்படி வந்தது என்பதை ஊரில் அவர்களைப்போல் ஒப்பிட்டுப் பார்த்தவர் இலர். அவர்களுக்கு உரிய கூலியை முதலில் பேசி முடித்து, அதன்பின் அவர்கள் சொல்வதைக் கேட்டால், சங்கம் அறியாத பல செய்திகள் வெளிவரும்.

இவற்றுக்குச் சங்கம் செய்யக்கூடியது என்ன? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை. நல்ல பலன் கண்டவரின் தோட்டத்துக்கு ஐந்தாறு பேராக மட்டும் சென்று, ஒரு பருவத்தில் ஒருமுறை அன்று, உழவு முதல் அறுவடை வரை நான்கைந்து முறை பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் இது எதற்காக என்று கேட்பதும் முதல் வேலை. அவருக்கே விடை தெரியாத இடத்தில், லிண்ட் செய்ததுபோல் இரண்டு மூன்று மரங்களை விட்டுப் பார்த்து அறியலாம்: ஒரு மரத்தில் தூரை அணைத்து, ஒன்றில் அணையாமல்; ஒன்றை நான்கு நாள் கூடுதலாகக் காயவிட்டு. பயன் தராதவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். எந்தச் சங்கத்தின் வருஷ அறிக்கையிலும் தோற்றுப்போன முயற்சிக்கு ஒரு வரிகூட இடம் கொடுத்து யாம் கண்டதில்லை. அதனால் அதே தோல்வியை அடுத்த தெருவார் தம் செலவில் மீண்டும் அடைகின்றனர்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கேள்வி, முதலில் முயல்கிறவரின் நஷ்டம் யாருடையது என்பதே. ஐந்து ஏக்கர் உடையவர் அரை ஏக்கரில் முயன்று தோற்றால் அவருக்கு அது ஒரு கதை. அரை ஏக்கரே உடையவர் தோற்றால் கடன் தவணை தவறும். அடுத்த ஆண்டு அவருக்குக் கடன் இல்லை. தோற்றவரை இவ்வாறு தண்டிக்கும் அதே சங்கம் புதுமுறை பரவவில்லை என்று வருந்துவது விந்தையே. 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையார், பிற்பாடு தம் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். நமது சங்கங்களிலும் துணைவிதிகள் இடங்கொடுக்குமளவு, ஆதாயத்தில் பொது நன்மைக்கென வைக்கப்படும் தொகையில் ஒரு சிறு பாகத்தை, ஆண்டுக்கு இருவர் மூவர் பத்து சென்டு அளவில் செய்து பார்க்கும் சோதனைகளுக்கு ஈடாக வைக்கலாம். சோதனை வென்றால் சங்கத்துக்குச் செலவில்லை. தோற்றால் செலவு எல்லோர் தலையிலும் சிறிது சிறிதாக விழும். கடனுக்குக் கூட்டுப் பொறுப்பு ஏற்கத் துணிந்தவர்கள் பத்து சென்டு நிலத்தின் தோல்விக்குப் பொறுப்பேற்க அஞ்ச வேண்டுமோ? களைக்கருவி போன்றவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. டிராக்டரை வாடகைக்கு விடும் சங்கங்கள் இதனையும் அவ்வாறே விடலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்குச் சில வினாக்களைக் கீழே தருகின்றோம். நமது சங்கத்தில் யாரிடம் உள்ள எந்த முறையை மற்றவர் கைக்கொள்ளாமல் இருக்கின்றனர்? கைக்கொள்ளாதவரை நேரிற் கண்டு காரணம் கேட்டவர் உண்டா, அல்லது நாமே ஊகித்துக்கொண்டோமா? சென்ற பருவத்தில் கடன் கையிற் கிடைத்த தேதி எது, நடவு தொடங்கிய தேதி எது? ஒரு முறையை முயன்று கைவிட்டவர்கள் எவர், அவர்களைக் கூட்டத்திற் பேச அழைத்ததுண்டா? நடவு செய்கிறவர்களிடமும் காய் பறிக்கிறவர்களிடமும் எவரேனும் கேட்டனரா? இவற்றின் விடைகளைக் காரியதரிசி நடவடிக்கைக் குறிப்பில் பெயர் தேதியுடன் எழுதிவைத்து, அறுவடைக்குப் பின் நடைபெறும் கூட்டத்தில் மீண்டும் படித்துக் காட்டுவாராக.